மூன்றாம் ஓலைக்கு முன்

தம்பி,

கல்யாண அழைப்பிதழ்க் கட்டை நேற்று உன் அப்பா அச்சகத்திலிருந்து வாங்கி வந்தார். உன் பெயரும் ரின்சியின் பெயரும் பிழையில்லாமல் இருக்கின்றன. என் பெயருக்குக் கீழே கிராம சுகாதார செவிலியர் என்று போட வேண்டாம் என்றேன், போட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவளுக்கு அது ஒன்றுதான் குறைச்சல். போகட்டும். இன்னும் சில நாளில் நீ இன்னொரு வீட்டுக்கும் பிள்ளையாகப் போகிறாய். அதற்குள் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். நேரில் பேசினால் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும்படியாக எழுதலாமா என்று உன்னிடமும் ரின்சியிடமும் கேட்டேன். அவள் உடனே சரி என்றாள். நீ, "எழுதும்மா, இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன. ஆனா நீட்டி முழக்காதே" என்றாய். உன் வாயிலிருந்து அந்த 'ஆனா' வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

நான் எதைச் சொன்னாலும் கூடவே ஒரு வாலைக் கட்டிவிடுவேன் என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்வாய். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கலாம், அப்பா கடலிலிருந்து வந்துவிட்டால். சைக்கிள் வாங்கலாம், காலாண்டுப் பரீட்சை முடிவைப் பார்த்துவிட்டு. இராமேஸ்வரத்து லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்த பிறகு உனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. நான் எதையாவது சொல்லி முடித்தால், "நிபந்தனைகளுக்கு உட்பட்டதாம்மா?" என்பாய். ஆனால் உன் மேஜைக்குப் பின்னால் நீ எழுதி மாட்டிய பலகைகளையும் நான் பார்த்திருக்கிறேன். வெந்நீர் காலையில் மட்டும். ஈரத் துணியோடு லிஃப்டில் ஏறக் கூடாது. விலையுயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. தீர்த்தமாடிவிட்டுச் சொட்டச் சொட்ட வருகிற ஜனங்களில் ஒருவர்கூட அதைப் படிப்பதில்லை என்று நீயே புலம்பினாய். பலகை மாட்டுவது மாட்டுகிறவரின் நிம்மதிக்குத்தான் என்று அப்போதே சொல்ல நினைத்தேன். வேலை நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

என் உத்தியோகம் முழுக்க இந்த வால்களை வைத்துத்தான் ஓடியது. ஒரு கர்ப்பிணிக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருந்தால், "பயப்பட ஒண்ணுமில்லை, எதுக்கும் ராமநாதபுரத்துல ஒரு தடவை காமிச்சிருங்க" என்பேன். அந்த 'எதுக்கும்' என்கிற வார்த்தைக்குள் நான் படித்த படிப்பு, என் பயம், என் மேலதிகாரி மேலுள்ள பயம் எல்லாம் இருந்தது. வீட்டு ஆண்கள் முன்பாதியைக் கேட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் பின்பாதியைக் கேட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார்கள். நான் சொன்னது இருவருக்கும் ஒரே வாக்கியம்தான். கேட்கிறவர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருடம் ஆயிற்று.

புரிய வைத்தது ஒரு கல்யாணம். நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் மைக்கில் வாசிப்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் தடையில்லாமல் வாசித்து முடிந்தால் மணியடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இந்தத் தங்கச்சிமடத்தில் யாரும் சாமியாரிடம் போய்த் தடை சொன்னதை நான் பார்த்ததில்லை. என்னிடம்தான் வருவார்கள். முதல் ஓலை வாசித்த மறுநாளிலிருந்து என்னிடம் பிரஷர் பார்க்க வருகிற கூட்டம் கூடிவிடும். கையை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "நர்சக்கா, அந்தப் புள்ள ஒடம்புக்கு எப்படி? ஒண்ணும் இல்லையே?" என்பார்கள்.

அப்படித்தான் ஒரு மாப்பிள்ளைப் பையனின் அம்மா வந்து, ஒரு தையல்காரர் மகளைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்து எல்லா ஊசியும் போட்டவள் நான். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சத்தியம் பண்ணியா சொல்ல முடியும்? ஒழுங்காகப் பேச வேண்டும் என்கிற பழக்கத்தில், "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணும் இல்லைம்மா" என்றேன். அவள் அந்த 'வரைக்கும்' என்கிற இடத்தில் நின்றுவிட்டாள். நர்சக்கா எதையோ மென்று முழுங்குகிறாள் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. பெண்ணின் அம்மா நம் வாசலில் வந்து நின்றாள். "என்னக்கா சொன்னீக?" "ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னேன்." "அப்பறம் ஏன் நிண்டுச்சு?" எனக்குக் கோபம் வந்தது; அந்தம்மா மேல் இல்லை, சரியாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த என் நாக்கின் மேல். அந்தப் பெண் பிறகு மண்டபம் ஊரில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள். அவள் அம்மா இன்னும் சிரிப்பதில்லை. அதற்குப் பிறகு யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும், "இங்கன வர்ற யாரைப் பத்தியும் நான் பேசுறதில்லை" என்று ஒரே பதிலாக வைத்துக்கொண்டேன். நர்சுக்குத் தலைக்கனம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி உன் விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் அப்பா உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார். அவர் டிரைவராக இருந்த விசைப்படகில் சமையலுக்கும் வலை இழுக்கவும் ஆள் குறைந்தது. இரண்டாம் தடவை போனபோது, காலையில் வலையை ஏற்றுகிற நேரத்தில் நீ படகுப் பலகையில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. கூட இருந்தவர்கள் வழக்கப்படி ஒரு துண்டு இரும்புச் சங்கிலியை உன் கையில் திணித்தார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனால் அப்பா செய்ததில் பிரயோஜனம் இருந்தது. நீ உருண்டு தண்ணீருக்குள் போய்விடாதபடி இடுப்பில் கயிற்றைப் போட்டுக் கேபின் காலோடு கட்டினார். வலையைப் பாதியில் ஏற்றிக்கொண்டு படகைத் திருப்பினார். வரும் வழியிலேயே ஊருக்கு என்ன சொல்வது என்றும் முடிவு செய்திருக்கிறார். கரையில் கேட்டவர்களிடம், "பயலுக்குக் கடல் ஒத்துக்கலப்பா" என்றார். படகில் இருந்த மற்ற நாலு பேரும் அதையே சொன்னார்கள். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துவிடுகிற ஊரில் நாலு ஆண்கள் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ராமநாதபுரத்து டாக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, வலிப்பு என்றார். மாத்திரை எழுதினார். "இப்போதைக்குக் கடல் வேண்டாம், பைக் வேண்டாம், தனியா நீச்சல் வேண்டாம்" என்றார். நான் கேட்டுக்கொண்டு வந்தது 'வேண்டாம்' என்பதை. அப்பா கேட்டுக்கொண்டு வந்தது 'இப்போதைக்கு' என்பதை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் தடைக்காலம் முடியப்போகிற நாள்களில், படகுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, "டாக்டர்ட்ட ஒருக்கா கேட்டுப் பாப்பமா? இப்போதைக்குன்னுதானே சொன்னாரு" என்பார். நான் ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவேன். ஒரு வருடம் பொறுக்க முடியாமல், "அது அவர் வாய்ப்பழக்கம்ங்க. அந்த இப்போதைக்கு முடியவே முடியாது" என்று கத்திவிட்டேன். அவர் உனக்கென்று வாங்கிப் பரணில் வைத்திருந்த புது மழைக்கோட்டை மறுநாள் எடுத்துக் கூட வேலை பார்க்கிறவரிடம் கொடுத்துவிட்டார். அன்று நான் அழுதேன். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் அத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீயும் சும்மா இல்லை. டிரைவர் மகனுக்குப் படகைப் பார்த்தாலே குமட்டுமாம் என்று பயல்கள் கிண்டல் பண்ணுவார்கள். நீயும் வாயில் கையை வைத்து வாந்தி எடுப்பது போல நடித்துச் சிரிக்க வைப்பாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். வலிப்பு என்ற பெயரைவிட வாந்தி என்ற பெயர் உனக்குப் பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. நாங்கள்தான் அந்தப் பெயரை உனக்கு வாங்கிக் கொடுத்தோம்.

ரின்சியைப் பெண் கேட்கப் போனபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உன் அத்தை, "இப்ப எதுக்கு? மொதல்ல நிச்சயம் முடியட்டும்" என்றாள். நிச்சயம் முடிந்தது. "கல்யாணம் முடியட்டும், அப்பறம் அவ நம்ம வீட்டுப் புள்ளதானே" என்றாள். நீ என்னைப் பார்த்தாய், நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். முதல் ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்கிற வரி வந்தபோது நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பு என்பது திருச்சபைச் சட்டப்படி தடை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் எல்லாரையும் பற்றி என்னிடம் வந்து விசாரிக்கிறவர்கள் என் மகனைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்க மாட்டார்கள் அல்லவா? கேட்டாலும் என்னிடம் இருப்பது அந்த ஒரே பதில்தான்.

மறுநாள் ரின்சியே வந்துவிட்டாள். அக்கா குழந்தைக்கு ஊசி போட வேண்டும் என்று சாக்கு. நான் ஊசி போட்டு, குழந்தை அழுது அடங்கி, அட்டையில் எழுதி முடிக்கிற வரை பொறுமையாக இருந்தாள். பிறகு நேராகக் கேட்டாள். "அத்தை, அவுக ஏன் கடலுக்குப் போறதில்லை?" ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்கே தெரிந்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "நல்லாத்தான் இருக்கான், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்பதும் இருந்தது. அவள் கணக்கு டீச்சர். விடை தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பு என்று தேடுகிற கண் அவளுக்கு. தன் அப்பாவுக்கும் முதல் மாதமெல்லாம் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, பழகிவிட்டது, ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டாம் தடவையோடு நிறுத்துவதில்லை என்றாள். நான் கையைக் கழுவினேன். கழுவின கையையே மறுபடியும் கழுவினேன். "அதை அவனே உன்கிட்ட சொல்லுவான்மா" என்றேன். "எப்ப?" என்றாள். "மூணாவது ஓலைக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டேன். ஏதோ இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "சரி அத்தை" என்று போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நீ என் மேல் விழுந்து பிடுங்கினாய். "யாருகிட்டயும் பேசுறதில்லைன்னு பெருமையாச் சொல்லுவியே, இப்ப மட்டும் எதுக்கும்மா வாயைத் திறந்த?" அது நியாயமான கேள்விதான். பேசவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் தவித்தது உனக்கு எப்படித் தெரியும்? பிறகு சமையலறையில் உட்கார்ந்து அவளிடம் என்ன சொல்வது என்று என்னிடமே ஒத்திகை பார்த்தாய். "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை. சின்ன வயசுல ஒரு தடவை, ரொம்ப வெயில், சாப்பிடாம இருந்தேன், டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு, இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு ஒரு மாத்திரை." நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இத்தனையையும் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? வெயில் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

"எனக்கு வலிப்பு இருக்குன்னு சொல்லு. தினமும் மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லு. அப்பறம் நிறுத்து" என்றேன். நீ மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு, "இனிமே வராதுன்னு சொல்லட்டா?" என்றாய். கூடாது என்றேன். அங்கேதான் வால் வேண்டும். மாத்திரை விடாமல் சாப்பிட்டால், தூக்கம் கெடாமல் இருந்தால், பெரும்பாலும் வராது. வரவே வராது என்று யாராலும் சொல்ல முடியாது. நீ சலித்துக்கொண்டாய். "ஒரு எடத்துல வெட்டுங்கிற, ஒரு எடத்துல ஒட்டுங்கிற. எதைத்தாம்மா சொல்ல?" எனக்கும் அப்போது விளக்கத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடுகிற வார்த்தையை வெட்டு. அவளைக் காப்பாற்றுகிற வார்த்தையை விடாதே. வெயிலும் பட்டினியும் உனக்காகச் சொன்னது. பெரும்பாலும் என்பது அவளுக்காகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் அந்தப் பெரும்பாலும் பொய்த்துப்போகிற நாளில் பக்கத்தில் இருக்கப் போகிறவள் அவள்.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காத மனுஷன் அன்றைக்குத் திறந்தார். "ஏலே, பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா எவன் நம்புறான்? ஒண்ணாம் நம்பர்தானே, ரெண்டாம் நம்பர்தானேன்னு டீயக் குடிச்சிட்டுப் போயிருவான். இதே மீன் ஏவாரி வந்து இன்னைக்குப் போகாதீகப்பான்னு சொல்லட்டும், அம்புட்டுப் பேரும் கயித்தக் கட்டிருவான். ஏன்னா படகு போகலைன்னா ஏவாரிக்கு நட்டம். நட்டப்பட்டுச் சொல்றவன் சொல்லைத்தாம்லே கேப்பாக. நீ போயிச் சொல்லு. கல்யாணம் நிண்டா நிக்கட்டும்." நின்றால் நிற்கட்டும் என்று அவர் சொன்னது எனக்குத் திடுக்கென்று இருந்தது. அவர் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே திடுக்கென்று இருந்தது.

நீ புதன்கிழமை அவள் பள்ளிக்கூட வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்ன சொன்னாள் என்றதற்கு, "கேள்வி கேட்டாம்மா" என்றாய். வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்றுதான் அவள் முதலில் கேட்டாளாம். உனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடமாக அது உனக்கு இருக்கிறது, வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. "அம்மாட்ட கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்" என்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கே அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவியும் இரும்பும் வேண்டாம், மணியைப் பார்த்துக்கொள், நீண்டுகொண்டே போனால் ஆஸ்பத்திரி. அவள் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். பிறகு, "எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் அத்தை. பின்னாடி நான் என்னன்னு கேக்கும்போது ஒண்ணுமில்லைன்னு மட்டும் அவுக சொல்லக் கூடாது" என்றாள். அதுதான் அவள் போட்ட நிபந்தனை. உன் பலகையில் இருக்கிற எல்லாவற்றையும்விடச் சின்னது. எல்லாவற்றையும்விடக் கடைப்பிடிக்கக் கஷ்டமானது. நீ வளர்ந்த வீட்டில் 'ஒண்ணுமில்லை' என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். அதை மாற்றிக்கொள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். 'ஆனா' என்பதற்கு முன்னால் சொன்னதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. குழம்பு நல்லா இருக்கு, ஆனா உப்பு கூட என்றால் உப்புதான் மிஞ்சும். உப்பு கொஞ்சம் கூட, ஆனா குழம்பு நல்லா இருக்கு என்றால் சோறு இன்னொரு கரண்டி விழும். இது தெரியாமல் நானும் உன் அப்பாவும் பல சாயங்காலங்களை வீணாக்கியிருக்கிறோம். அதே போல, மாத்திரை சாப்பிட்டீங்களா என்று அவள் தினமும் கேட்பாள். சந்தேகப்படுகிறாள் என்று எரிந்து விழாதே. நான் கேட்கும்போது விழுந்தாய், தாங்கிக்கொண்டேன். அவள் எதற்குத் தாங்க வேண்டும்?

தன் அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாக ரின்சி சொல்லியிருந்தாள், சொல்லியும் விட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் அப்பாவை உனக்குத் தெரியும். இரண்டு நாட்டுப்படகு வைத்திருக்கிறார், பேச்சு குறைவு, கோபம் வந்தால் இன்னும் குறைவு. இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கு வரவில்லை. அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் பிரஷர் பார்க்க யாரும் வரவில்லை. எனக்குத்தான் பார்த்திருக்க வேண்டும். தையல்காரர் மனைவி நம் வாசலில் நின்று "அப்பறம் ஏன் நிண்டுச்சு?" என்று கேட்டது ஓயாமல் காதில் விழுந்தது. நாமும் போய் யார் வாசலிலாவது அப்படி நிற்க வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்காதே என்று நீயும், கொடுத்துவிடலாம் என்று அப்பாவும் சண்டை போட்டீர்கள். கொடுக்கவில்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நமக்கு எதிர்ப்பக்கம், ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தார். பூசை முடிந்து உபதேசியார் மைக்கைத் தட்டினார். முதலில் தெருத்தெருவாகக் கூடுகிற அன்பியக் கூட்டம், பிறகு மாதா கெபி கட்டுகிற வேலைக்கு ஆள் தேவை என்று வாசித்துக்கொண்டே போனார். ஓலை வராது, அவர் சாமியாரிடம் சொல்லி நிறுத்தியிருப்பார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். உன் பெயர் வந்தது. அவள் பெயர் வந்தது. மூன்றாம் ஓலை என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்கிற வரி வந்தபோது இந்தத் தடவை நான் செருப்பைப் பார்க்கவில்லை. நேராக ரின்சியின் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது அவருக்கும் தெரியும். உபதேசியார் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். நீயும் அப்பாவும் வண்டி எடுக்கப் போயிருந்தீர்கள். அதனால் அவர் பேசியதை நீ கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. கடலுக்குக் கிளம்புகிறவனிடம் ஐஸ் ஏற்றியாயிற்றா என்று கேட்கிற குரலில், "கோயில் பெருநாள் வருது. நாலு நாளைக்கு மருந்துக்கடை எல்லாம் அடச்சுக் கெடக்கும். மாத்திரைய முன்னாடியே வாங்கி வச்சிருங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு அட்டைய ரின்சிகிட்டயும் குடுத்து வைங்க. அவ பையில கெடக்கட்டும்" என்றார்.

எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ எச்சரிக்கை சொன்னவள் நான். எனக்கு ஒருவர் சொல்லி, அதைக் கேட்டு என் கண் நிறைந்தது அதுதான் முதல் தடவை. அந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது, அநேகமாக ராமநாதபுரத்துக்குத்தான் போக வேண்டும், எதுக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று பழக்கத்தில் வாய்வரை வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"சரிங்க சம்பந்தி" என்றேன்.

உன் அம்மா